எல்பே ஆற்றில் மஞ்சள் தலைகள்

திருத்தணி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஜெர்மனி எப்படி இருந்துச்சு?" நானும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். "குளிரு." அதற்கு மேல் சொல்ல அப்போது எனக்கு உத்தரவு இல்லை. போன வாரம் மகளே போன் செய்து, "எழுது நைனா, எல்லாத்தையும் எழுது. டிராம்ல மாட்னியே, அதையும் வுடாம எழுது" என்று சொல்லிவிட்டாள். ஆகவே எழுதுகிறேன்.

நான் திருத்தணி, பள்ளிப்பட்டு தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பொதட்டூர்பேட்டை நிறுத்தத்தில் லுங்கி மூட்டை ஏற்றுகிறவர்களோடு சண்டை போட்டே தொண்டை போனவன். மனைவி பெயர் மங்கா. ஒரே மகள் கிருத்திகா, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், ஊரே காவடியும் கூட்டமுமாக இருந்தபோது பிறந்தவள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கிடைக்காமல் நான் பட்ட பாட்டை இன்னொரு நாள் சொல்கிறேன். அவள் இப்போது ஜெர்மனியில் ட்ரெஸ்டன் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை, தனியாகத்தான் இருக்கிறாள்.

ஊரில் எல்லோரிடமும், "பொண்ணு கூப்பிட்டுக்கினே இருக்குது, சுத்திப் பாத்துட்டு வரோம்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். உண்மை வேறு. அவளுக்கு மார்பில் கட்டி. அதை அறுத்து எடுத்த பிறகுதான் எங்களுக்கே சொன்னாள். இனி ஊசி வழியாக மருந்து ஏற்றுவார்கள், பல மாதம் ஆகும், வந்து கூட இருங்கள் என்றாள். சொன்ன கையோடு ஒரு கட்டளையும் போட்டாள். ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது, முக்கியமாக அத்தைக்கு.

அத்தை என்றால் என் அக்கா சுசீலா. பொதட்டூர்பேட்டையில் வீட்டோடு தறி வைத்திருக்கிறாள். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. அறுபதைத் தாண்டியும் ஒரு கைக்கு அடங்காத கொண்டை, அதைப் பற்றி அவளுக்கு இருக்கும் பெருமை ஊருக்கே தெரியும். அவளுக்குத் தெரிந்த எல்லா விஷயமும் ஊருக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல். "அத்த காதுல வுழுந்தா, அது ஆர்.கே.பேட்டையில எறங்கறதுக்குள்ள பஸ்ல இருக்கிற அத்தன பேருக்கும் தெரிஞ்சிடும் நைனா" என்றாள் கிருத்திகா. அந்த பஸ்ஸில் விசில் ஊதியவன் என்ற முறையில் நான் அதை மறுக்க முடியவில்லை.

மங்கா பெட்டியில் ஊறுகாய், வடாம், கறிவேப்பிலைப் பொடி என்று அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் அடியில் மலைக்கோயிலில் வாங்கிய சந்தனம் ஒரு டப்பாவில். திருத்தணிக்காரர்களுக்குத் தெரியும், எங்கள் மலைச் சந்தனத்துக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதையே தனி. ஜெர்மனியில் இறங்கிய விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அந்த டப்பாவை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டார். காய்ந்துபோன மஞ்சள் கட்டி என்னவென்று கேட்டார். மங்கா ஒரு சொட்டு தண்ணீர் விட்டுக் குழைத்து என் நெற்றியில் பட்டையாக இழுத்தாள், பிறகு தன் கழுத்தில் பூசிக்கொண்டாள், பிறகு அதிகாரி பக்கம் கையை நீட்டினாள். அவர் அவசரமாகத் தலையாட்டி எங்களைப் போகச் சொல்லிவிட்டார். மகளைப் பார்க்கும்போது என் நெற்றியில் அந்தப் பட்டை அப்படியே இருந்தது.

கிருத்திகா கம்பளிக் குல்லா போட்டிருந்தாள். எங்களுக்குப் பல் கிட்டிக்கொண்டதே தவிர, அந்த ஊர்க்காரர்களுக்கு அது வெயில் காலம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி திரிந்தார்கள். அவள் மட்டும் காது மூடக் குல்லா. வீட்டுக்குள் வந்தும் எடுக்கவில்லை. சாப்பிடும்போதும் எடுக்கவில்லை. புருவமும் பாதி உதிர்ந்திருந்தது. முடி கொட்டும் என்று போனில் சொல்லியிருந்தாள், சொன்னதைக் கேட்பது வேறு.

வீடு மூன்றாம் மாடியில். முதல் நாளே மங்கா ரசம் வைத்தாள். கடுகும் மிளகாயும் தாளித்ததும் கூரையில் ஒரு வட்டமான கருவி ஆம்புலன்ஸ் மாதிரி அலறியது. கிருத்திகா மூக்கைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். மருந்து ஏற்றிய பிறகு அவளுக்குத் தாளிக்கிற வாசனையே ஆகவில்லையாம். ரசத்துக்காகவே நான் கட்டிக்கொண்ட மங்கா, அந்த ரசத்தை அப்படியே தொட்டியில் ஊற்றினாள். அதன் பிறகு நாங்கள் சாப்பிட்டதெல்லாம் தயிர்ச் சோறு, அவித்த உருளைக்கிழங்கு, அங்கே விற்கும் ஒரு கறுப்பு ரொட்டி. அந்த ரொட்டியை ஜன்னலிலிருந்து போட்டால் கீழே போகிறவருக்கு ஆபத்து. ஆனால் வெண்ணெய் தடவி மெல்ல மெல்ல ஒரு புளிப்பு வரும், அது எனக்குப் பிடித்துப் போனது. மங்காவிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் டிராம் விவகாரம். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ட்ரெஸ்டனில் டிராம்கள் மஞ்சளாக, சுத்தமாக, சத்தமில்லாமல் வருகின்றன. கண்டக்டர் கிடையாது. ஏறுகிறவன் ஏறுகிறான், இறங்குகிறவன் இறங்குகிறான், கேட்க நாதியில்லை. மிஷினில் நானே டிக்கெட் எடுத்து மேல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, இந்த ஊர் எப்படி நடக்கிறது என்று மங்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சாதாரண உடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டாள். கம்பீரமாக நீட்டினேன். எடுத்தால் மட்டும் போதாதாம், உள்ளே இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டுமாம். கிருத்திகா முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்ததால் கவனிக்கவில்லை.

"நானும் கண்டக்டர்தான்னு சொல்லு" என்றேன் மகளிடம். அவள் சொன்னாள். அந்தப் பெண் பதில் சொல்லிக்கொண்டே அபராதச் சீட்டைக் கிழித்தாள்.

"இன்னா சொல்றா?"

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமேன்னு சொல்றா, நைனா."

நான் எத்தனையோ பேரை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறேன். அது அப்படியே திரும்பி வந்து என் தலையில் அடித்தது. மங்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. கிருத்திகா சிரிக்கவில்லை. மருந்து ஏற்றும் நாளில் அவள் எதற்கும் சிரிப்பதில்லை.

அந்த மருந்து ஏற்றிய பிறகு வந்த நாட்களை நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். அவள் படுத்திருந்தாள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அங்கே வேறு வேலை இல்லை, பார்ப்பதுதான் வேலை. மங்காவுக்கு ஒரே ஏக்கம். "தலையில கொஞ்சம் தேங்காண்ண தொட்டு வெக்கிறேன்டி, சூடு தணியும்." கிருத்திகா வேண்டாம் என்பாள். மங்கா காலையில் கேட்பாள், சாயங்காலம் கேட்பாள். ஒரு மத்தியானம் மகள் அயர்ந்து தூங்கும்போது மங்கா குல்லாவை மெதுவாக மேலே தள்ளியிருக்கிறாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். கேட்டது மகளின் குரல்தான்.

"எடுக்காத. பாக்காத. ஏம்மா இப்படி பண்ற?"

"பெத்தவ பாக்கக் கூடாதாடி?"

"நீ பாக்குற பார்வ இருக்குதே, அதத்தான் என்னால தாங்க முடியல. வலிய தாங்கிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் என்ன பாத்துக்கினு ஒக்காந்திருக்கறத தாங்க முடியல. நீங்க ஊருக்குப் போங்க. அடுத்த வாரமே டிக்கெட் மாத்திக் குடுக்கறேன்."

சொன்னால் செய்கிறவள். அன்றைக்கே கம்ப்யூட்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கா அடுப்படியில் நின்று ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் இருவருக்கும் நடுவில் படிக்கட்டில் தொங்குகிறவன் மாதிரி நின்றேன், உள்ளேயும் போக முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அவளை அந்த நிலையில் விட்டுவிட்டு எப்படி விமானம் ஏறுவது?

இரண்டு நாள் கழித்து அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வீட்டில் மூன்று பேரும் முகம் பார்க்காமல் இருப்பதற்கு எங்காவது போகலாம் என்று அவளே கிளப்பினாள். மியூசியம் என்றாள். கூட்டம் இருக்காது, உட்கார இடம் இருக்கும், இருமுகிறவர்கள் குறைவு. எதுவும் தொற்றிக்கொள்ளக் கூடாது, அவளுக்கு அதுதான் முக்கியம்.

போகிற வழியில் எல்பே ஆறு. கரை இரண்டு பக்கமும் புல்வெளி, பட்டணத்துக்கு நடுவில் ஒரு வயல் மாதிரி விட்டு வைத்திருக்கிறார்கள். நீராவிக் கப்பல் ஒன்று புகை விட்டுக்கொண்டு போனது. எங்கள் பக்கத்து கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வந்தால் சேதி. இங்கே தண்ணீர் குறைந்தால் சேதியாம். மங்கா ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அவள் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மியூசியத்தில் முதல் சில அறைகள் எனக்குச் சிரமம் தரவில்லை. ராஜா ராஜா மாதிரியும் குதிரை குதிரை மாதிரியும் இருந்தன. மங்கா கால் வலிக்கிறது என்று வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நானும் மகளும் உள்ளே போனோம். ஒரு அறைக்குள் நுழைந்ததும் நிறங்கள் திடீரென்று சத்தம் போட ஆரம்பித்தன.

எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று. ஆற்றங்கரைக் காட்சி என்று அட்டையில் எழுதியிருக்கிறதென்று கிருத்திகா சொன்னாள். சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. ஆறு சிவப்பு. மழைக்கால செம்மண் வெள்ளம் என்று வைத்துக்கொள்ளலாமென்றால் அதுவும் இல்லை, குங்குமத்தைக் கரைத்துக் கொட்டிய சிவப்பு. மரங்கள் நீலம். கரை ரோஸ். வானத்தில் பச்சையைத் தேய்த்து வைத்திருந்தார் மனிதர். சாயத்தைக் குச்சியால் அள்ளி அப்பியது போல் மேடு மேடாக இருந்தது. முழங்கால் தண்ணீரில் சில ஆட்கள், ஆணா பெண்ணா என்று நிச்சயமில்லை. உடம்பில் துணி இல்லை, அதனால் நான் கொஞ்ச நேரம் மரங்களையே பார்த்தேன். உடம்பெல்லாம் ஒரு செங்கல் நிறம். தலை மட்டும் பளீரென்று மஞ்சள். ஒருவருக்கும் முடி வரையவில்லை. கண்ணைச் சுற்றிப் பச்சை நிழல்.

"இந்த சாயத்துல நூல் குடுத்திருந்தா உங்க அத்த திருப்பி அனுப்பிச்சிருப்பா" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியறத வரையல நைனா. அந்த நேரத்துல மனசுல இன்னா இருந்துச்சோ அந்தக் கலர போட்டிருக்காங்க. அந்தக் காலத்துல இந்த ஊர்லயே ஒரு கூட்டம் அப்படி வரைஞ்சிக்கினு இருந்துச்சாம்."

"இன்னா மனசா இருந்தாலும் ஆறு ஆறு கலர்லதான இருக்கணும்."

"நம்ம ஆறு இன்னா கலரு, சொல்லு பாக்கலாம்."

எனக்குக் கொசஸ்தலைதான் நினைவுக்கு வந்தது. அவள் கட்டியைப் பற்றிப் போன் செய்தபோது நான் பள்ளிப்பட்டுப் பாலத்தின் மேல்தான் இருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மழை, ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது, பாலத்தில் ஜனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன். அவள் பேசி முடித்த பிறகு குனிந்து பார்த்த தண்ணீர் எனக்குக் கறுப்பாகத்தான் நினைவிருக்கிறது. தார் ஓடுகிற மாதிரி. பின்னால் அதே பாலத்தில் போனபோது அது சாதாரணக் கலங்கல் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் படத்தை வரைந்தவருக்கு அன்று என்ன சேதி வந்ததோ, அவருக்குச் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. இதை நான் மகளிடம் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தப் படத்தைக் கிண்டல் செய்யவும் தோன்றவில்லை.

கிருத்திகா அட்டையில் இருந்த சிறிய எழுத்தைப் படித்தாள். வரைந்தவர் ரொம்ப நாள் உடம்புக்கு முடியாமல் இருந்து எழுந்து வந்து இதை வரைந்தாராம். மஞ்சள் முகங்களும் பச்சை நிழலும் நோயையும் பயத்தையும் காட்டுகின்றன என்று போட்டிருக்கிறதாம். படித்துவிட்டு அவள் குல்லாவைக் காதுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். இங்கே ஏன் கூட்டிக்கொண்டு வந்தோம் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அந்த அறையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து மங்கா வாசலில் வந்து நின்றாள். கண்ணாடி இல்லாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு அவ்வளவு தூரத்திலிருந்து படத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏங்க, இந்த ஊர்ல கூட மொட்ட போடறாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் படத்தை நோக்கி நேராக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"தல நெறைய சந்தனம் பூசிக்கினு இருக்காங்க பாருங்க. நம்ம கோயில் பொய்கை மாதிரியே எறங்கி முழுகறாங்க. குடும்பத்தோட வேண்டுதல் போல இருக்குது."

சொல்லிக்கொண்டே விரலை நீட்டி ஒரு மஞ்சள் தலைக்குக் கிட்டே போய்விட்டாள். எங்கிருந்தோ ஒரு மணி கீச்சிட்டது. மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரப் பெண்மணி, கறுப்புக் கோட்டு, எங்கள் வயதுதான் இருக்கும், வேகமாக எழுந்து வந்தாள். கிருத்திகா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அது மொட்ட இல்ல. அவங்க பயத்துல இருக்காங்க. ஒடம்பு சரியில்லாதவங்க. இங்க எழுதியிருக்குது."

மங்கா ஒப்புக்கொள்ளவில்லை. மங்கா எழுதியிருப்பதற்கெல்லாம் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. இன்னொரு முறை பார்த்தாள்.

"யாரு எழுதனது? பயந்தவங்க மூஞ்சா இது? மொட்ட அடிச்சி முழுகி எழுந்ததும் யாரா இருந்தாலும் இப்படித்தான்டி முழிப்பாங்க. நீ மூணு வயசுல இப்படித்தான் முழிச்ச. தலையில திடுதிப்புனு காத்து படும் இல்ல? அதுவரிக்கும் காத்து பட்டிருக்காது இல்ல?"

கிருத்திகா படத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றாள். "காத்து படும்."

அதோடு நிற்காமல், "மொத நாளு ராத்திரி தலகாணியில பட்டப்பவே கூசிச்சு. அழ வரல, கூசிச்சு. யார்கிட்டயும் சொல்லல" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மியூசியத்தில் சிரிக்கக் கூடாத சத்தத்தில் சிரித்தாள். நாங்கள் போய் இறங்கிய நாளிலிருந்து அன்றுதான் அவள் சிரித்து நான் கேட்டேன். நான் சும்மா இருமினேன்.

கோபமாக நின்றுகொண்டிருந்த காவல்காரப் பெண்மணி என்ன விஷயம் என்று கேட்டாள். கிருத்திகா ஜெர்மன் மொழியில் நீளமாகச் சொன்னாள். கோயில், முடி, ஆறு, சந்தனம் எல்லாவற்றையும் கையால் காட்டிச் சொன்னாள். அந்தம்மா படத்தின் பக்கம் திரும்பி நின்று பார்த்தாள். அவள் சொன்னதை மகள் எங்களுக்குச் சொன்னாள்: "ரொம்ப வருஷமா இந்த ரூம்ல ஒக்காந்திருக்காங்களாம். படத்துல இருக்கிறவங்களுக்கெல்லாம் குளிருதுன்னு நெனச்சிக்கினு இருந்தாங்களாம்." போகும்போது அந்தம்மா மங்காவிடம் விரலை ஆட்டி, இனிமேல் தொடக் கூடாது என்று சைகை செய்தாள். மங்காவும் சரி என்று தலையாட்டினாள்.

படம் மாறவில்லை. ஆறு அதே குங்குமச் சிவப்பு, மரம் அதே நீலம். வெளியே போகும் முன் வாசலில் நின்று மறுபடி பார்த்தேன். பயம் என்று படித்தபோது அந்த மஞ்சள் எனக்குக் காமாலைக் கண் மாதிரி இருந்தது. இப்போது கிருத்திகை நாள் காலையில் மலைப் படியில் இறங்கி வருகிற தலைகளாக இருந்தது. எது சரி என்று வரைந்தவர்தான் சொல்ல வேண்டும். இரண்டும் இருந்திருக்கலாம். மொட்டை போடுகிறவர்களும் பயந்துதானே வேண்டிக்கொள்கிறார்கள்.

திரும்பும்போது எல்பே கரைப் புல்லில் உட்கார்ந்தோம். யாரும் கேட்கவில்லை, அவளாகவே குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெளுத்த, சின்னத் தலை. பின்பக்கம் ஒரு தழும்பு, சின்ன வயதில் எங்கள் பஸ் படிக்கட்டில் விழுந்தது. மங்கா பார்த்தாள். அழவில்லை. "வெயில்ல வெச்சிக்கினு ஒக்காராத, காந்தும்" என்று தன் முந்தானையை அந்தத் தலைக்கு மேல் பிடித்தாள். டிக்கெட் தேதி மாற்றுகிற பேச்சை அதன் பிறகு கிருத்திகா எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவளே கேட்டாள். "அந்த சந்தனம் எங்கம்மா?"

உடனே பூசிவிடவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டு, தலையில் சந்தனக் கட்டை அரைத்த பசை பூசலாமா என்று கேட்டாள். காயம் எதுவும் இல்லையே, இல்லையென்றால் பூசலாம், எரிந்தால் கழுவிவிடுங்கள் என்று பதில் வந்தது. எதற்கு என்றும் நர்ஸ் கேட்டாளாம். அதற்கு கிருத்திகா என்ன சொன்னாளோ, எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. மங்கா டப்பாவிலிருந்த கட்டியை உடைத்து, தண்ணீர் தெளித்து, மகளை முன்னால் உட்காரவைத்துப் பூசினாள். எத்தனை நாளாகத் தொட ஏங்கிய தலை. நெற்றியில் தொடங்கி பிடரி வரை, காது மடலைச் சுற்றி, ஓர் இடம் விடாமல் பூசினாள். அவசரமே படவில்லை.

அந்தத் தலையோடு மூன்று பேரும் ஆற்றங்கரைக்குப் போனோம். சைக்கிளில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. புல்லில் நின்று, பின்னால் ஆறு தெரிய, என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னாள். எடுத்ததைப் பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள், சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை, படம் மட்டும்.

வீட்டுக்கு வருவதற்குள் பதில்கள் குவிந்திருந்தன. ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. எப்போது வந்தீர்கள், ஏன் சொல்லவில்லை, பிரசாதம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். என் அக்கா எழுதுவதில்லை, குரலில்தான் அனுப்புவாள். கிருத்திகா போனைக் கையளவு தூரம் தள்ளிப் பிடித்துப் போட்டாள்.

"இன்னாடி கிருத்தி, ஜெர்மனியிலருந்து திருத்தணி வரிக்கும் வந்து மொட்ட போட்டுக்கினு, பொதட்டூர்பேட்டைக்கு ஒரு எட்டு வரக் கூடாதா? உங்க நைனா வாயில இன்னா கொழுக்கட்டயா? பொய்கை பக்கத்துல இம்மாம் புல்லு எப்ப மொளச்சிது? அது கெடக்கட்டும், இன்னா வேண்டுதலு?"

நானும் மங்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏதாவது வேலை உயர்வு, கல்யாணம் என்று சொல்லி முடித்துவிடலாம். நான் அதைச் சொல்லவும் வாயெடுத்தேன். கிருத்திகா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு அத்தையை நேராகவே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"அத்த, நான் திருத்தணிக்கு வரல. இங்கதான் இருக்கேன். மொட்டையும் போடல. எனக்கு மார்ல கட்டி வந்து எடுத்துட்டாங்க. மருந்து ஏத்தறாங்க, அதுல முடி போயிடுச்சு. அம்மா சந்தனம் பூசிவுட்டுச்சு. நல்லாவணும்னுதான் வேண்டுதலு."

தறிச் சத்தம் நின்றது. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். என் அக்கா பேசாமல் இருந்ததைப் பிறந்ததிலிருந்து நான் அன்றுதான் கேட்டேன்.

"சரி" என்றாள். பிறகு, "சாப்டியாடி?" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

"போச்சு, இன்னேரம் சேதி பஸ் ஏறியிருக்கும்" என்றேன் நான். கிருத்திகா, "போனா போவட்டும் நைனா" என்றாள். சொல்லிவிட்டு மங்காவிடம் ரசம் கேட்டாள். தாளிக்காமல் வைத்தால் குடித்துப் பார்க்கிறேன் என்றாள். தாளிக்காத ரசம் சகிக்கவில்லை. மூன்று பேரும் குடித்தோம்.

விசா முடிகிற வரை இருந்தோம். நாங்கள் கிளம்பும்போது ஊசி மருந்து முடிந்திருந்தது. இனி கதிர் வைத்தியம், பிறகு பரிசோதனை, அதன் பிறகுதான் டாக்டர் எதையும் சொல்வாராம். மங்கா மறுபடி போக மனு போட்டிருக்கிறாள். ஊருக்குக் கிளம்பிய அன்று டிராமில் நான் ஏறியதும் முதல் வேலையாக டிக்கெட்டில் முத்திரை குத்தினேன். பக்கத்தில் இருந்த ஒருவர் மறந்து நின்றார், அவரையும் முத்திரை குத்தச் செய்தேன்.

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் திருத்தணிக்கு வந்து இறங்கினோம். பெட்டிகளோடு பிளாட்பாரத்தில் நடக்கும்போது தூரத்தில் நின்ற ஒரு மொட்டைத் தலை எங்களைப் பார்த்துக் கையை ஆட்டியது. இந்த ஊர் ஸ்டேஷனில் மொட்டைத் தலை புதிதில்லை, நான் கவனிக்காமல் நடந்தேன். மங்காதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

என் அக்கா சுசீலா. அந்தக் கொண்டை இல்லை. தலை முழுக்கச் சந்தனம், அன்று காலையில்தான் மலையேறியிருக்கிறாள், இன்னும் ஈரம் காயவில்லை.

"இன்னாக்கா இது."

"இன்னாடா, புதுசா பாக்குற மாதிரி பாக்குற. பெட்டிய குடு."

ஊரில் யாருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று கேட்டேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "யாருக்கும் சொல்லல. உங்க மாமாவுக்குக் கூட சொல்லல. வூட்டு வேண்டுதல்னு சொன்னேன், அதுக்கு மேல யாரும் கேக்கல" என்றாள். அதை அவள் மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு மெதுவாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. பிளாட்பாரத்திலேயே நின்று அழுதுவிட்டேன். அவள் என்னை அதட்டினாள், அதையும் மெதுவாகத்தான்.

மங்கா அங்கேயே ஒரு போட்டோ எடுத்து மகளுக்கு மட்டும் அனுப்பினாள். ஆட்டோ பேசிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. அங்கே காலை நேரம், இப்போதுதான் எழுந்திருப்பாள் போல, குரல் கரகரவென்று இருந்தது.

"நைனா, அத்தைய கேளு, தலையில காத்து படுதான்னு."

கேட்டேன். அக்கா கையைத் தூக்கிச் சந்தனம் கலையாமல் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆங்" என்றாள். "படுதுன்னு சொல்லு."